பீரோவில் ஒரு துருக்கோடு

திரையில் அடையாறு ஏறிக்கொண்டிருக்கிறது. ஓசை இல்லை, சேற்று வாடை இல்லை. வெளிர் நீலமாக இருந்த தெரு ஒன்று மெல்ல மெல்லக் கருநீலமாகிறது.

ஆய்வுக்கூடத்தின் மூலையில், ஓடாத பிரிண்டர் ஒன்றுக்குப் பக்கத்தில் என் நாற்காலி. பேராசிரியர் என் பள்ளிக்கூட நண்பன். "வந்து உக்காரு, எத்தனை நாள் வேணும்னாலும் பாரு. அந்தப் பொண்ணு ரன் போட்டிருக்கும்போது மட்டும் வாயைத் தொறக்காதே" என்று சொல்லியிருந்தான். வெள்ளத்தைப் பற்றிச் சென்னையில் எல்லோரும் பேசித் தீர்த்தாயிற்று, நானும் பேசியிருக்கிறேன். பேசாமல் பார்க்க ஓர் இடம் கிடைத்ததே எனக்குப் பெரிய காரியம்.

மேசைக்கு முன்னால் இருப்பவள் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. மூன்றாம் வருடம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் சொந்த ஊர்; வயலில் தண்ணீர் ஏறுவதையும் வடிவதையும் பார்த்து வளர்ந்தவள். பகல் ஒரு மணிக்குத் திறந்த டிபன் பாக்ஸ், இரண்டு வாய்க்குப் பிறகு மூடியது மூடியபடி இருக்கிறது. இடது கையருகே ஒரு லாங் சைஸ் நோட்டு. கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொள்ளுமே, நோட்டு எதற்கு என்று முதல் நாள் நினைத்தேன். மறுநாள் அவள் டீக்கு எழுந்து போனபோது திறந்து கிடந்த பக்கம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு ரன்னுக்கும் ஓர் எண், தேதி, எதை மாற்றினாள், ஏன் மாற்றினாள், என்ன ஆயிற்று. அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகள். ‘ஏன்’ என்ற பத்தி மட்டும் மற்றவற்றைவிட அகலம்.

வெள்ளத்தைக் கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுதான் ஒரு ரன். இன்றைக்கு ரன் 61.

அவள் திரும்ப ஓட்டிப் பார்ப்பது 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவை. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்தில் 47. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் நொடிக்கு 29,000 கன அடி வரை போயிற்று. கன அடி என்று சொன்னால் எனக்குக் கண்ணில் எதுவும் வருவதில்லை. கோடையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நொடிக்கு 68 லாரி. அதோடு ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரும் வந்து அதே ஆற்றில் விழுந்தது. அந்த இரவில் கூரை மேல் நின்றவர்கள் இந்த ஊரில் இன்னும் நடமாடுகிறார்கள். அவர்கள் அனுபவித்ததை எண்ணாக்கி, மறுபடி ஓட விட்டு, எங்கே எப்போது எவ்வளவு ஏறியது என்று கணக்கால் சொல்லிவிட முடியுமா என்பதுதான் இந்தப் பெண்ணின் மூன்று வருடம்.

மென்பொருளின் பெயர் ஹெக்-ராஸ். அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் நீரியல் மையம் கலிபோர்னியாவில் உருவாக்கியது. 1995-இல் முதல் பதிப்பு. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். எந்த நாட்டு ஆற்றையும் அதனிடம் கொடுக்கலாம். ஆனால் எந்த ஆற்றையும் அதற்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பிரெஞ்சுக்காரர் செயின்ட் வெனன்ட் 1871-இல் எழுதி வைத்த இரண்டு விதிகள். வந்த தண்ணீரில் போனது போக மிச்சம் நின்றாக வேண்டும். தண்ணீரை முன்னே தள்ளும் சரிவுக்கும் பின்னே பிடித்து இழுக்கும் உராய்வுக்கும் கணக்குத் தீர்ந்தாக வேண்டும். நிலம் முழுவதையும் பத்து மீட்டர்க் கட்டங்களாக அறுத்துப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு கட்டமும் தன் வரவு செலவைத் தானே எழுதிக்கொள்கிறது. கொடுக்கல் வாங்கலெல்லாம் பக்கத்துக் கட்டத்தோடு மட்டும். ஆறு முழுவதையும் எந்தக் கட்டமும் பார்ப்பதில்லை. எல்லாம் சேர்ந்து பார்க்கும்போது திரையில் ஆறு ஓடுகிறது. நான்கு நாளாகப் பார்க்கிறேன், இந்த இடம் எனக்கு இன்னும் பழகவில்லை.

இரவு ஒன்பதே காலுக்கு ரன் 61 உடைந்தது.

முதலில் வலது ஓரத்து வரைபடத்தில் ஒரு கோடு நடுங்கியது. பிறகு ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் ஏறி இறங்கியது. ஈக்காட்டுத்தாங்கல் பக்கத்துக் கட்டம் ஒன்றில் நீர்மட்டம் பரங்கிமலை உயரத்துக்குப் போய், சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து, எல்லாம் நின்றது. அவள் 'ப்ச்' என்று ஒரு சத்தம் செய்தாள். கோபமில்லை, அடுப்பில் பால் பொங்கிவிட்டால் வரும் சத்தம்.

காரணம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நேரம் மிச்சம் பிடிக்க, அரை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கணக்கு எடுக்கச் சொல்லியிருந்தாள். அந்த இடத்தில் ஓட்டம் நொடிக்கு 2 மீட்டர். பத்து மீட்டர்க் கட்டத்தை ஐந்து நொடியில் தண்ணீர் தாண்டிவிடும். அரை நிமிடம் கண்ணை மூடித் திறந்தால் அது ஆறு கட்டம் போயிருக்கும். பக்கத்து வீட்டோடு மட்டும் கணக்கு வைத்திருக்கும் கட்டத்துக்கு அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று புரியாது. இதை 1928-லேயே கூரன்ட், ஃப்ரெட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணித அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. நோட்டில் ‘டைம் ஸ்டெப் 5 நொடி’ என்று எழுதினாள். ஏன் என்ற பத்தியில்: ‘அவசரப்பட்டேன்’.

இனி ரன் முடிய விடிந்துவிடும்.

அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. உருண்டையான பெரிய அரங்கு, சுற்றிலும் மாடம் மாடமாக மனிதர்கள் குனிந்து கணக்குப் போடுகிறார்கள், நடுவே உயர்ந்த தூணின் மேல் ஒருவர். லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் கண்ட கனவு அது. உலகத்தின் வானிலையைக் கையால் கணக்கிட 64,000 பேர் உட்காரும் அரங்கு. அவர் முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். துப்பாக்கி தொட மாட்டேன் என்று சொன்ன குவேக்கர். காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கிய நேரம் போக, குளிரில் வைக்கோல் குவியல் மேல் உட்கார்ந்து, 1910 மே 20-ஆம் தேதியின் வானிலையை ஆறு மணி நேரம் முன்னே தள்ளிப் பார்த்தார். அதற்கு ஆறு வாரம் பிடித்தது. விடை முற்றிலும் தப்பு. காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. நிஜத்தில் அது கிட்டத்தட்ட அசையவே இல்லை. கையெழுத்துப் பிரதியும் சண்டையில் தொலைந்து, பல மாதம் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. 1922-இல் புத்தகம் போட்டபோது அந்தத் தப்பான விடையை அவர் மறைக்கவில்லை. முழுக் கணக்கோடு அச்சிட்டார். எங்கே தவறியது என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடிக்க முடிந்தது அதனால்தான். இந்தப் படத்தை இங்கே ஒட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அது இருக்க வேண்டிய சுவரில்தான் இருக்கிறது.

பத்து மணிக்கு ஆய்வுக்கூட உதவியாளர் பிளாஸ்க்கில் டீயோடு வந்தார். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது அவருக்கு. அவளுக்கு அவர் 'அண்ணே'.

"இன்னாம்மா, திரும்பவும் கவுந்துட்ச்சா?"

"ஆமாண்ணே. நானேதான் கவுத்தேன்."

டம்ளரை நீட்டிவிட்டு அவளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். இளவயதில் பூண்டி நீரியல் ஆய்வு நிலையத்தில் தினக்கூலியாக இருந்தவர். அங்கே ஆற்றைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். செங்கல்லும் சிமென்டும் மணலும் வைத்து, அணையையும் மதகையும் சின்னதாகக் கட்டி, நிஜத் தண்ணீரை விட்டுப் பார்ப்பார்கள். நூறில் ஒரு பங்காக ஆற்றைச் சுருக்கினால் நேரமும் சுருங்கும், பத்தில் ஒரு பங்காக. பத்து மணி நேர வெள்ளம் அங்கே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

"நாங்க பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு கலக்கி ஊத்துவோம். செவப்பா கோடு கோடா போவும். எங்க சுத்துது, எங்க தேங்குதுன்னு அப்டியே தெரியும்."

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். பழைய ரன் ஒன்றின் நீலத்தின் மேல் வெள்ளை இழைகள் ஆயிரக்கணக்கில் கிளம்பி ஓடின. பாலத்தின் தூணில் மோதிப் பிரிந்தன. வளைவில் ஓரிடத்தில் சுழன்று சுழன்று நின்றன. அவர் குனிந்து, அந்தச் சுழலைச் சுண்டுவிரலால் தொட்டார்.

"ஆமா," என்றார். "இப்டித்தான் சுத்தும்."

அந்தத் தலையாட்டலை நான் ஒரு சான்றிதழாகவே எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் தண்ணீர் பார்த்த கண் அது.

மறுநாள் காலை ரன் 62 முடிந்திருந்தது. ஆற்றின் மேலேயும் கீழேயும் உள்ள வெள்ள மட்ட அடையாளங்களில் அவளுடைய மாடல் ஓரளவு சரியாகவே இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் ஏறக்குறைய அரை மீட்டர் குறைத்துக் காட்டியது. சைதாப்பேட்டைக்கு மேற்கே, ஆற்றில் சேரும் கால்வாய் ஒன்றின் ஓரத்துத் தெரு. அந்தத் தெருவுக்கென்று கையில் இருந்த ஆதாரம், பல வருடம் முன்பு யாரோ கள ஆய்வுப் படிவத்தில் எழுதிய ஒற்றைச் சொல்: மார்பளவு.

"மார்பளவுன்னா யாரோட மார்புண்ணே?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் உதவியாளரும் கிளம்பினார்கள். ஆட்டோ லெவல் கருவி, முக்காலி, மடக்கும் ஸ்டாஃப், நோட்டு. பின்னால் நான். உயரம் முன்பே தெரிந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து மட்டத்தை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக வர வேண்டும். பேக் சைட், ஃபோர் சைட் என்று அவர் ஸ்டாஃப்பைப் பிடிக்க இவள் படித்து எழுத, இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை கிலோமீட்டர். போகிற வழியெல்லாம் பரங்கிமலை தெரிந்துகொண்டே இருந்தது. 1802-இல் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி அந்த மலையடிவாரத்தில்தான் நூறடிச் சங்கிலியை நீட்டி இந்தியாவை அளக்கத் தொடங்கினார். அளவு என்பது இன்னமும் இப்படி நடந்து நடந்துதான் வருகிறது. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினோரு நாள் சுற்றி உலகத்தின் மேடு பள்ளத்தை ரேடாரால் படம் எடுத்தது. அந்த வரைபடம் அவளிடம் இருக்கிறது. ஆனால் வானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மரத்தின் உச்சியும் மொட்டை மாடியும் தரை. பாலத்தின் மேல்தளம் தெரியும், கீழே போகும் தண்ணீர் தெரியாது. அப்படியே கொடுத்தால் கணக்கில் ஒவ்வொரு பாலமும் அணைக்கட்டு ஆகிவிடும். மீனம்பாக்கத்தில் விமான ஓடுபாதையே ஆற்றின் மேல் பாலமாகப் போகிறது. அதையெல்லாம் கையால் அறுத்துத் திறந்துவிட அவளுக்கு ஒரு மாதம் ஆனதாம்.

அந்தக் கால்வாயோரத் தெருவில் ஒரு வீடு. வீட்டில் ஒரு பாட்டி. எழுபத்தைந்து இருக்கும். சுவர் முழுக்கப் புது டிஸ்டம்பர், இளம்பச்சை. வெள்ளக் கோடு எங்கே என்று கேட்டதும் சிரித்தார்.

"சொவுத்துல எங்க கண்ணு இருக்கும்? மூணு தபா வெள்ள அடிச்சாச்சு. பீரோவுல வேணா பாரு."

இரும்பு பீரோ. வெளியே அதற்கும் பெயின்ட் அடித்திருந்தார்கள். பாட்டி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். கதவின் உட்பக்கம், பழைய சாம்பல் நிறத்தின் மேல், ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்புத் துருப்பட்டை. அதற்கு ஒரு சாண் மேலே இன்னொன்று: மெல்லியது, நூல் பிடித்த மாதிரி நேரானது.

அவள் உடனே அளக்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உதவியாளரிடம் தணிந்த குரலில் சொன்னாள். கீழே உள்ள தடித்த பட்டை, தண்ணீர் பல மணி நேரம் நின்ற மட்டம். மேலே உள்ள மெல்லிய கோடுதான் உச்சம். அங்கே தண்ணீர் வந்து தொட்டுவிட்டு உடனே இறங்கியிருக்கிறது. சுவராக இருந்தால் பூச்சு ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றிவிடும், இரும்பு ஏற்றாது. வெளியே அலையடித்திருக்கும், பூட்டிய பீரோவுக்குள் அலை இல்லை. "இதைவிட நல்ல கேஜ் இந்தத் தெருவுலயே கிடைக்காதுண்ணே" என்றாள். சேலைகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த பாட்டிக்கு அது காதில் விழுந்ததா தெரியவில்லை.

பீரோவின் காலிலிருந்து கோடு வரை 1.21 மீட்டர்.

நோட்டில் எழுதியவள் பேனாவை மூடவில்லை. தரையைத் தட்டிப் பார்த்தாள். டைல்ஸ்.

"பாட்டி, வெள்ளத்தப்ப இந்த டைல்ஸ் இருந்துச்சா?"

"இல்லமா. அதுக்கப்பறம் தான் ஒசத்திப் போட்டான் எம் பையன்."

பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பழைய சிமென்ட் தரை ஒரு துண்டு மிச்சம் இருந்தது. ஸ்டாஃப்பை அங்கே வைத்துப் பார்த்தார்கள். புதுத் தரையைவிட 22 சென்டிமீட்டர் தாழ்வு. அதையும் எழுதிவிட்டு எழுந்தவள், வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"அப்ப பீரோ தரையிலயேதான் இருந்துச்சா பாட்டி?"

"தரையில எப்டி வெப்பாங்க? மழ வந்தாலே செங்கல்லு குடுத்துடுவோம். கால்கால்லயும் ரெண்டு."

"படுக்க வச்சா, நிக்க வச்சா?"

"படுக்க வெச்சு."

படுக்க வைத்த செங்கல் மூன்று அங்குலம். இரண்டு வைத்தால் 15 சென்டிமீட்டர். 1.21-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு போயிருந்தால் தண்ணீர் மட்டம் 7 சென்டிமீட்டர் தப்பாகக் கூடியிருக்கும். ஏழு சென்டிமீட்டர் என்ன பெரிது என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. பிறகு அந்தத் தெருவின் வாசற்படிகளைப் பார்த்தேன். பல வீடுகளில் படிக்கும் ரோட்டுக்கும் இடையில் இருந்த உயரமே அவ்வளவுதான்.

பீரோவில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. பாட்டியே சொன்னார். கூரைப்புடவை, ரேஷன் கார்டு, பேரனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். மூன்று நாள் கழித்துத் திறந்தபோது மார்க் ஷீட்டில் பெயர் இருந்த இடத்தில் நீலமாக ஒரு கறை. "வித்துட்டு புதுசு வாங்கலாம்ன்றான். நான்தான் வாணாம்னுட்டேன். அவரு வாங்குனது." கதவைச் சாத்திப் பூட்டினார்.

கிளம்பும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவள் சும்மா கேட்டு வைத்தாள்.

"பின்னாலேர்ந்து தான். மொத கக்கூஸ்ல பொங்குச்சு. வெளக்கு வெக்கிற நேரம். ஆத்துத் தண்ணி வந்தது ராவுல, ரெண்டு மணிக்கு மேல. அதுக்குள்ள இங்க இடுப்பளவு நிக்குது."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவளுடைய மாடலில் இந்தத் தெருவுக்குத் தண்ணீர் முன்பக்கம், ஆற்றிலிருந்து வருகிறது. அதுவும் பின்னிரவில். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கட்டங்கள் எல்லாம் காய்ந்து கிடக்கின்றன.

"பின்னால கால்வாய்ல சின்னப் பாலம் இருக்கே பாட்டி, அதுல தண்ணி போகலையா?"

"எங்க போறது? ஆகாயத்தாமரையும் எவனோ போட்ட மெத்தையும் வந்து அடச்சிக்கினு. எம் பேரன் தான் கழியெடுத்துக்கினு போயி தள்ளிப் பாத்தான்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் நோட்டு.

கூட்டிக் கழித்துப் பார்த்ததில் மாடல் 38 சென்டிமீட்டர் குறைவு. ஆய்வுக்கூடத்தில் எம்.இ. படிக்கும் பையன் ஒருவன் பக்கத்து மேசையில் இருந்தான். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, மேனிங்ஸ் என்-னை ஏத்திட்டா மேட்ச் ஆயிடும்ல?"

அந்தக் கேள்வியில் தப்பில்லை. மேனிங் என்ற அயர்லாந்துப் பொறியாளர் 1889-இல் கொடுத்த சூத்திரத்தில் உராய்வைக் குறிக்கும் எண் அது. வழவழப்பான சிமென்ட் வாய்க்காலுக்கு 0.013. புல் பூண்டில்லாத நேரான ஆற்றுக்கு 0.030. புதர் மண்டிய கரைக்கு 0.1 வரை போகலாம். வென் டே சௌ 1959-இல் எழுதிய பாடநூலில் ஆறுகளின் புகைப்படங்களைப் போட்டு ஒவ்வொன்றுக்கும் இந்த எண்ணைக் கொடுத்திருப்பார். இன்றும் மாணவர்கள் தங்கள் ஆற்றை அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எண்ணை எடுக்கிறார்கள். கொஞ்சம் கூட்டலாம், கொஞ்சம் குறைக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அந்தக் 'கொஞ்சம்' என்ற இடத்தில்தான் மாடல் போடுகிறவரின் மனசாட்சி உட்கார்ந்திருக்கிறது.

அவள் அவனுக்குப் பதில் சொல்லாமல், எண்ணை 0.035-லிருந்து ஏற்றி ஒரு ரன் போட்டு, அது முடிந்ததும் காட்டினாள். பாட்டி வீட்டில் கோடு கச்சிதமாக வந்து பொருந்தியது. பையன் முகத்தில் வெளிச்சம். பிறகு ஆற்றின் மேலே உள்ள மூன்று அடையாளங்களைத் திறந்தாள். மூன்றிலும் தண்ணீர் நிஜத்தைவிட மேலே ஏறிப்போய் நின்றது.

"பாத்தியாடா? இங்க ஒட்டினா அங்க கிழியுது. அங்கயும் ஒட்டுற மாதிரி இன்னொன்னை மாத்தலாம். எல்லாம் ஒட்டிடும். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வீட்டு கக்கூஸ்ல ஏன் பொங்குச்சுன்னு இதுல வரவே வராது."

அந்த ரன்னை நோட்டில் ‘ரன் 65’ என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு கிழித்தாள். அழிக்கவில்லை.

நான் கணக்குத் தெரிந்தவன் இல்லை. ஆனாலும் இது எனக்குப் புரிந்தது, ஏனென்றால் எழுதுகிறவனுக்கும் இந்த இடம் வரும். முடிவு ஒத்துப்போகும்படி நடுவில் ஒரு வரியை வளைக்கலாம், படிக்கிறவருக்குத் தெரியாது. ஆனால் வெள்ளக் கணக்கில் அந்த வளைப்புக்கு விலை உண்டு. 2019-இல் சென்னைக்கென்று கடலோர வெள்ள எச்சரிக்கை முறை ஒன்று வந்திருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் பொறுப்பில் இருக்கிறது. மழை முன்கணிப்பையும் ஏரியின் நிலையையும் கடலின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து, எந்த வட்டத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. ஒரு மழை இரவில் படகை முதலில் எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று யாரோ ஓர் அதிகாரி இப்படிப்பட்ட நீலப் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கப் போகிறார். வளைத்து ஒட்டிய எண் அன்றைக்குப் பாட்டி வீட்டுக்கு ராத்திரி இரண்டு மணிக்குப் படகை அனுப்பும். தண்ணீரோ சாயங்காலமே வந்திருக்கும்.

மாடலில் அந்தச் சின்னப் பாலம் இரண்டு மீட்டர் அகலத்தில் முழுசாகத் திறந்து கிடந்தது, வரைபடத்தில் உள்ளபடி. எவ்வளவு அடைப்பது? பாதியா, முக்காலா? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எது ஒட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதுவும் மறுபடி அதே காரியம்தான். அவள் போனை எடுத்தாள். பாட்டியின் பேரன். ஏதோ கடையில் வேலையில் இருந்தான் போலிருக்கிறது, பின்னால் சத்தம்.

"தம்பி, அன்னைக்கு நீங்க கழியால தள்ளினீங்களே, அப்ப தண்ணி போக ஏதாவது வழி இருந்துச்சா? ... ஒரு ஓரத்துல மட்டுமா? ... எவ்ளோ அகலம் இருக்கும்? கையால சொல்லுங்க, பரவாயில்ல... ஒரு முழம். சரி. நல்லா ஞாபகம் இருக்கா? ... சரி தம்பி. ரொம்ப நன்றிப்பா."

முழம். பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினாள்: ‘1 முழம் = 45 செ.மீ.’ பிறகு தன் முழங்கையை மேசை மேல் வைத்து ஸ்கேலால் அளந்தாள். உதவியாளரைக் கூப்பிட்டு அவர் கையையும் அளந்தாள். ஒரு சென்டிமீட்டர் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். நாற்பத்தைந்தையே வைத்துக்கொண்டாள். கலிபோர்னியாவில் எழுதிய மென்பொருளின் பெட்டிக்குள் சைதாப்பேட்டைப் பையன் ஒருவனின் முழம் 0.45 என்று போய் உட்கார்ந்தது.

ரன் 68 சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கியது. வெளியே மழை பிடித்திருந்தது. ஜன்னலோரத்து வேப்பமரத்திலிருந்து சொட்டும் சத்தம், பெட்டிக்குள் ஃபேன் சுற்றும் சத்தம். அவள் வேறு எந்த வேலையும் எடுக்கவில்லை. ஐந்து நொடிக்கு ஒரு தரம் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

திரையில் டிசம்பர் 1, மாலை 5.40. கால்வாயோரம் ஒரு கட்டம் வெளிர் நீலமாயிற்று. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. ஆறு இன்னும் கரைக்குள்தான் இருக்கிறது, தூரத்தில். நீலம் பின்கட்டுப் பக்கமிருந்து, துவைக்கிற கல் இருக்கும் இடத்தின் வழியாக, அந்த வீட்டுக்குள் வந்தது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். உதவியாளர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று நான் கவனிக்கவில்லை. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு மணி. எட்டு மணி. கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. அந்தக் கட்டங்களில் ஒன்றில் பீரோ இருக்கிறது, இரண்டிரண்டு செங்கல் மேல்.

உச்சம் வந்து இறங்கத் தொடங்கியதும் நிறுத்தினாள். எண்ணைப் படித்தாள். கழித்தாள். ரன் 68-க்கு எதிரே எழுதினாள்: ‘பாலம் அடைப்பு, திறப்பு 0.45 மீ. தண்ணீர் வந்த நேரம் ஒத்துப்போகிறது. வந்த திசை ஒத்துப்போகிறது. மட்டம் 12 செ.மீ. குறைவு.’

பேராசிரியர் கதவைத் திறந்து தலையை நீட்டினான். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மேட்ச் ஆச்சாம்மா?"

"இன்னும் பன்னெண்டு இருக்கு சார்."

"பிளாக்கேஜை இன்னும் கொஞ்சம்..."

"ஒரு முழம்னு சொல்லிட்டான் சார் அந்தத் தம்பி."

அவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். அவள் அகலமான பத்தியில் ‘காரணம் இன்னும் தெரியவில்லை’ என்று எழுதி, தேதி போட்டு, காலையிலிருந்து மூடியே இருந்த டிபன் பாக்ஸைத் திறந்தாள்.